பழைய அளவில் தைத்த சட்டைகள்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கும்படி முனகுகிறார், இறங்கும்போது சத்தமே இல்லை.

நான் அனுப்பிய மூன்று சட்டையும் தோளைத் தாண்டவில்லை என்று போனில் சிரித்தாய். தப்பு என்மேல்தான். அலமாரியில் இருந்த உன் கல்யாணத்துக்கு முந்தைய சட்டையைத் தையற்காரம்மாவிடம் அளவுக்குக் கொடுத்தேன். அவள் அப்போதே, "பிள்ளை பெத்து நாலு மாசம்தானேக்கா ஆகுது, இது எப்படிப் பத்தும்?" என்றாள். "என் பொண்ணு ஒல்லிக்குச்சி, நீ தை" என்று அவள் வாயை அடைத்தேன். சட்டை போனால் போகட்டும். "ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன்மா, அடுத்த மாசம் உள்ள நுழைஞ்சிடுவேன்" என்றாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது தலைசுற்றிச் சுவரைப் பிடித்தாயாமே, மாப்பிள்ளைதான் சொன்னார், அவரைக் கோபிக்காதே.

அப்பாவுக்கே தெரியாத ஒன்று சொல்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் எடையையும் எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணத்தின்போது நாற்பத்தாறு கிலோ. நீ பிறந்த பிறகு ஐம்பத்தெட்டு. பார்க்கப் பொறுக்காமல், வாரம் மூன்று நாள் விரதம் என்று பட்டினி கிடந்தேன். என்ன பக்தி, என்ன பக்தி என்று எல்லாரும் மெச்சினார்கள், நான் வேண்டியதோ இடுப்பு குறையத்தான். நான் இளைத்தேன், பாலும் குறைந்தது, பசியில் அழுது அழுது நீயும் இளைத்தாய். "குழந்தைக்கு முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கு, நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று நர்ஸம்மா கேட்டார். அந்த முந்நூறையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை. சாமி பெயரில் சொன்ன பொய்க்கு இன்னமும் மன்னிப்புக் கேட்கிறேன். நாற்பத்தாறு திரும்பி வரவே இல்லை மகளே, இன்று அறுபத்திரண்டு. இந்த உடம்போடுதான் உன்னை இடுப்பில் வைத்து மாடி ஏறினேன், அதனால் ஒரு வேலையும் நிற்கவில்லை.

உடம்பு குறைந்தால் குறையட்டும், மெதுவாக நட, டாக்டரம்மா சொல்வதைக் கேள். தலைசுற்றலை இந்த வாரமே அவர்களிடம் சொல்லிவிடு. இன்று ராத்திரி வயிறாரச் சாப்பிடு.

பொடிசுக்கு என் முத்தம், உங்கள் மூவரையும் ஆண்டவன் கைவிடாமல் காக்கட்டும். இதோடு அளவு நாடா ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அளந்து எழுது, தையற்காரம்மா துணியோடு காத்திருக்கிறாள். மறக்காதே, அளக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது.

பழைய அளவைக் கொடுத்துவிட்ட
உன் அம்மா