குதிக்காதவள்

மார்ச் 3

மகளுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டது. உங்கள் ஆலை மேற்பார்வையாளர் வந்து எல்லாம் சொன்னார். கழிவுத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி மயங்கி விழுந்தானாம். அவனைத் தூக்கத் தம்பி இறங்கினானாம். காவலுக்கு நின்ற நீ, அடுத்து ஓடிவந்த மூன்று பேரையும் இறங்கவிடாமல் தொட்டி வாயை மறித்து உட்கார்ந்தாயாம். மீட்புக் குழு வர இருபது நிமிடமாம்.

கூடப்பிறந்தவன் உள்ளே கிடக்கிறான். உனக்கு நெஞ்சா, கல்லா? இருபது வருஷமாக சூப்பர் ஹீரோ படங்களில் சிறகுவீரனுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறேன். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையா நீ? அம்மா சோற்றில் கை வைப்பதில்லை.

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டுங்கள், உங்களுக்கு இல்லாத உரிமையா. கயிறும் காற்று முகமூடியும் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது. என் வேலையே அதுதான். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயுவை இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி.

குழுவைக் கூப்பிட வாக்கிடாக்கியை எடுத்தேன். அதற்குள் தம்பி என் கையைத் தட்டிவிட்டான். "நில்லுடா, ஆள் வரட்டும்டா!" என்று கத்தினேன். சிரித்தான் அப்பா. உங்கள் சிறகுவீரன் குரலிலேயே சொன்னான்: "யோசிக்கிறவன் கரையில நிப்பான், காப்பாத்துறவன் குதிப்பான்!" ஏணியில் நாலு படி இறங்கினான். ஐந்தாவது படியில் கை விட்டுவிட்டது.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் கிண்டிவிட்டீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அம்மா ஆயிரம் தடவை சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

அந்த மூன்று பேரும் என்னை அடித்தார்கள். ஒருவன் தோளில் கடித்துவிட்டான். கீழே தம்பியின் தலை தெரிந்தது. நான் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா அப்பா?

உங்கள் மகள்

மே 2

அன்புள்ள மகளுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். சூப்பர் ஹீரோ படங்களிலிருந்து பிள்ளைகள் என்ன நல்லது கற்றுக்கொள்ளலாம் என்று பேச வேண்டுமாம். போனதுமே, "அங்கிள், அந்த டயலாக் சொல்லுங்க!" என்று ஒரே கூச்சல்.

"அது பொய் கண்ணுங்களா," என்றேன். "படத்துல குதிக்கிறவனுக்குக் கீழ மெத்தை போட்டிருப்பாங்க. யாராவது ஆபத்துல இருந்தா, முதல்ல கத்துங்க, ஆளைக் கூப்பிடுங்க. கூடக் குதிக்கப் போறவனை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. என் பொண்ணு மூணு பேரை அப்படித்தான் காப்பாத்தினா."

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தரும் கைதட்டவில்லை. அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நீ செய்தது சரி. புத்திக்குத் தெரிகிறது, பாழாய்ப்போன மனசு கேட்கமாட்டேன் என்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் கீழே கிடந்த அவன் தலைதான் கண்முன் வரும். அவன் கடைசியாகச் சொன்னதை அம்மாவிடம் சொல்லிவிடாதே, என்னை மன்னிக்கமாட்டாள். இப்போதைக்கு வீட்டுக்கு வராதேம்மா. நானாகக் கூப்பிடும்வரை பொறுத்துக்கொள். காத்திருக்க உனக்குத் தெரியும்.

அப்பா