கை நனைக்காத சம்பந்தி

சேரன்மகாதேவி,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

என் மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். நாலு மாதமாக எனக்கு எல்லாமே அம்மா சொல்லித்தானே தெரிகிறது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு ஒன்று கோபம் வருகிறது, இல்லை அழுகை வருகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சேதி சொல்ல முடியாது. தாளில் என்றால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி எழுதலாம். எழுதி முடித்ததும் அம்மா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

இங்கே மழை பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. போன வாரக் காற்றில் தென்பக்கத்து வாழை ஒரு வரிசை சாய்ந்துவிட்டது, மிச்சத்துக்கு முட்டு கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நீ அனுப்பிய தைலத்தைச் சாமிக்கு வைத்த மாதிரி அலமாரியில் வைத்திருக்கிறாள். நீ ஒரு சத்தம் போடு. எனக்குப் பல்வலி என்று அவள் உன்னிடம் சொன்னாளாமே, அது சுத்தப் பொய். என் பல்லெல்லாம் கரும்பு கடிக்கும். நான் வாராவாரம் பாளையங்கோட்டைக்குப் போனது இங்கிலீஷ் கிளாசுக்கு.

சிரிக்காதே. காரணம் சொல்லுகிறேன்.

ஆடி மாதம் நீ போன் பண்ணி, ஓவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாய். வெள்ளைக்காரப் பையன் என்று நான் குதிக்கவில்லை, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் தனியாகக் கிடந்து உழைத்தவள், உனக்கு ஏற்றவனைப் பார்த்துக்கொண்டாய், சந்தோஷம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் வீட்டிலிருந்து பெரியவர் யாராவது என்னிடம் பெண் கேட்கட்டும் என்றேன். இங்கே அதெல்லாம் கிடையாதுப்பா, நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்தாச்சு என்று நீ சிரித்தாய். கேட்காத வீட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னேன். நீங்கள் வராவிட்டாலும் தை மாதம் கல்யாணம் என்று நீ சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். என் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது, வேறு யாரைக் குறை சொல்ல?

ஆனால் எனக்கு இருந்த இக்கட்டைப் பார். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது. யாராவது சொன்னால்தானே தெரியும்? பெண்ணைப் பெற்றவனே வாய் திறந்து, என் மகளைக் கேளுங்கள் என்று சொன்னால் அது கேட்ட மாதிரி ஆகுமா? நம் பக்கத்தில் என்றால் ஒரு தரகர், ஒரு மாமா, டீக்கடையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஜாடையாகச் சேதி போய்ச் சேரும். அயர்லாந்துக்கு எந்த டீக்கடை வழியாகச் சொல்லி அனுப்புவது? அதனால்தான், சொல்லாமல் சொல்லுகிற அளவுக்காவது இங்கிலீஷ் படிப்போம் என்று கிளம்பினேன்.

கிளாஸ் எடுக்கிற டீச்சர் பெயர் ஸ்வீட்லின். உன் வயதுதான் இருக்கும், அதட்டல் மட்டும் தலைமையாசிரியர் மாதிரி. ஒருநாள் போர்டில் வரிசையாக எழுதிப் போட்டது. ஐ மஸ்ட் சே தட், ஐ ஷுட் டெல் யூ தட், ஐ வுட் சே தட், யூ மே லைக் டு நோ தட். மனசில் உள்ள விஷயம் எல்லாம் அந்தத் 'தட்'டுக்குப் பின்னால்தான் வருமாம். முன்னால் இருக்கிறதுதான் நாம் அதை எப்படி நீட்டுகிறோம் என்று காட்டுமாம். மஸ்ட் என்றால் கண்டிப்பு, ஷுட் என்றால் கடமை, வுட் என்றால் பணிவு, மே என்றால் உங்கள் இஷ்டம். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஒருவர் கையில் அரிவாள் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுப்போம் இல்லையா, அதுதான். நாமும் முகத்தில் அடித்த மாதிரி எதையும் சொல்லுவதில்லை. சொல்லுதேன்னு கோவப்படக் கூடாது என்று ஒன்றை முன்னால் போட்டுவிட்டுத்தானே ஆரம்பிக்கிறோம்.

நான் 'மே'யைப் பிடித்துக்கொண்டேன். யூ மே லைக் டு நோ தட், இன் அவர் பிளேஸ், த பாய்ஸ் ஃபாதர் ஆஸ்க்ஸ். எங்கள் ஊரில் பையனின் அப்பா கேட்பார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு விருப்பம் இருக்கலாம். எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பார்! கிளாசில் எனக்கு ஜோடி, மேலப்பாளையத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிற அலி அஸ்கர். ஒத்திகையில் அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. நான் பாதி சொல்லும்போதே, அண்ணாச்சி, பொண்ணைத் தாங்க, மிச்ச இங்கிலீசை அப்புறம் பாக்கலாம் என்று கையை நீட்டிவிடுவார். அவரால் எனக்குப் பின்பாதி சரியாகப் பழகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவனின் அப்பாவோடு போனில் முகம் பார்த்துப் பேசினோம். ஓவனிடம் அம்மாதான் ஏற்பாடு பண்ணினாள். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தேன். இதைப் படிக்கும்வரை உனக்குத் தெரியாது என்றால் பையன் வாக்குத் தவறாதவன்தான். போனை அவன் அப்பா டெக்லன் முன்னால் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான். மனிதர் நல்ல உயரம். தலையில் தொப்பி, கையில் ஒரு பெரிய கோப்பை டீ, காலடியில் நாய். இவரும் நம்மை மாதிரி மாடு வைத்திருக்கிறவர்தானாமே, நீ சொல்லவே இல்லை.

இந்தப் பக்கம் உன் அம்மா பட்டுச்சேலை கட்டி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் வாக்கியத்தைச் சொன்னேன். தடங்கல் இல்லாமல் வந்தது. அதே சூட்டில், சம்மதம் கிடைக்கும்வரை கேட்க வந்தவர் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார், ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டார் என்பதையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

பிறகு எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவர் பேசியது எல்லாம் எனக்குப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் மே, மைட், வுட் என்று தட்டுத் தடுமாறித்தான் வந்தார், அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஓவனின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதற்குள் எங்களிடம் கேட்டிருப்பாள் என்றார். கேட்க வேண்டும் என்று அவருக்கும் இருந்ததாம். இந்தக் காலத்துப் பெண், அவள் அப்பாவிடம் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று இருந்துவிட்டாராம். அவர் அங்கே தயங்க, நான் இங்கே முறுக்கிக்கொள்ள, நாலு மாதம் போயிருக்கிறது. கடைசியில் நேராக என்னைப் பார்த்து, உங்கள் மகளை எங்கள் வீட்டுக்குத் தருவீர்களா என்று கேட்டார்.

ஐ கேன் சே தட் வி ஆர் ஹேப்பி என்று பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஒரு எழுத்து வரவில்லை. நீ பிறந்தபோது அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் உன்னை ஒரு துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தார்களே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பக்கம் டெக்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். டீயில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை. என்ன கல்லு மாதிரி இருக்கிய, அந்த மனுசன் நிக்காருல்லா என்று உன் அம்மா முதுகில் இடித்தாள்.

வாயில் வந்தது இதுதான். டீயக் குடியும்வே சம்பந்தி, ஆறிப்போவுதுல்லா!

தமிழில் சொன்னேன், கையால் கோப்பையைக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். நின்றபடியே கோப்பையை எடுத்து, ஆறின டீயைக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். உன் அம்மா குலவை போட்டாளே பார்க்க வேண்டும்! அங்கே நாய் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு குரைத்தது. அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். அவருக்கு அங்கே மழை அதிகம் என்று கவலை. அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பும் என்றேன்.

ஆகவே கேட்டாயிற்று, கொடுத்தாயிற்று. நான் பிடித்த பிடி தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. அப்பாவாகப்பட்டவன் ஒரு தடவையாவது கேட்கப்பட வேண்டும். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் தெரிவி. இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் புரட்டாசியிலேயே வந்துவிட்டது. எப்போது எழுதிப்போட்டேன் என்று அம்மாவைத் துருவாதே. அந்தக் குளிருக்கு வேட்டி தாங்குமா, உள்ளே ஏதாவது போட வேண்டுமா என்பதையும் சொல்லிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் வாழையடி வாழையாக நன்றாக இருங்கள். நம் வீட்டுச் சாமி கூடவே இருக்கும். இதை அனுப்பியதும் அம்மா கோயிலுக்குப் போகிறாளாம், போனைக் கொண்டுபோக மாட்டாளாம். அது என் சட்டைப்பையில்தான் இருக்கும். அழுகை வந்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை எடுத்துவிடுவேன்.

உன் அப்பா,
கருத்தையா