மேல்காட்டுத் தண்ணீர்

கோபக்கார அப்பாவுக்கு, அந்தக் கோபத்தையும் சேர்த்தே நேசிக்கிற மகள் எழுதுவது.

விவசாய இதழ் ஒன்றில் என்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இளம் விவசாயியின் வெற்றிக் கதை என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான்காவது முறை உட்கார்ந்தபோது உங்களுக்குத்தான் எழுத வந்தது. போட்டால் போடட்டும். ஊர் படிக்கட்டும்.

போன வாரம் எனக்கு ஒரு விழாவில் சால்வை போட்டார்கள் அப்பா. "இந்த மாதிரிப் பிள்ளைகள் காட்டுக்குத் திரும்பி வந்தாத்தான் நாடு முன்னேறும்" என்று மேடையில் ஒருவர் பேசினார். அப்புறம் மைக்கை என்னிடம் நீட்டி, "உங்களுக்கு வழிகாட்டி யாரும்மா?" என்று கேட்டார்கள். "எங்கப்பா" என்று சொன்னேன். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அம்மா மட்டும் தட்டவில்லை.

மேடையில் சொன்னதில் பொய் கிடையாது. போடியிலும் ராசிங்காபுரத்திலும் இருந்து ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். எல்லாருமே முப்பதுக்குள். ஏலக்காய் உலர்த்த எங்களுக்குப் பொதுவாக ஒரு கொட்டகை இருக்கிறது. மருந்து முன்பு அடித்ததில் பாதிகூட அடிப்பதில்லை. காய் கூடுதலாக வருகிறது. காலை ஜீப்பில் மலையேறி வரும் பெண்களுக்கு வருஷம் முழுக்கச் சோலி இருக்கிறது. ஏலத்துக்கு நாங்கள் கொண்டு போகும் காயை வியாபாரிகள் கையில் அள்ளி, நிறத்தைப் பார்த்து, யார் காடு என்று கேட்கிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையில் பாதி.

மீதிப் பாதி முழுசாக உங்களுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேளாண்மை படித்து முடித்து நான் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, சாப்பிட்ட கையோடு நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? "படிச்சுப்புட்டுக் காட்டுக்கு வர்றேங்கிற. ஊர்ல யாரு மூஞ்சியில நான் முழிக்க?" நான் பிடிவாதமாக நின்றதால், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நம் ஏலக்காய்க் காட்டில் மேல்பகுதியைத் தந்தீர்கள். பாறையும் சரளையுமாகக் கிடந்த ஒரு ஏக்கர். உங்கள் காடு அதற்குக் கீழே, நல்ல மண்ணில். "பாறையில ஒன் வித்தையக் காட்டு தாயி" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தீர்கள்.

நான் பாறையிடுக்கில் மண் கொட்டினேன். சருகை அள்ளி வந்து ஒவ்வொரு தூருக்கும் மூடாக்குப் போட்டேன். பெரிய குழி வெட்டி, படுதா விரித்து, மழைத் தண்ணீரைப் பிடித்துக் குளமாக்கினேன். தேனீப் பெட்டிகள் வைத்தேன். இரண்டாம் வருஷமே செடி தேறியது. நீங்கள் ஒருநாள்கூட மேலே ஏறி வந்து பார்க்கவில்லை.

பார்க்க வந்தது, நான் இல்லாத அன்றைக்குத்தான்.

ஆடி மாதம், தோழி கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். காடு முழுக்க மருந்து வாடை. பெட்டிகளுக்கு அடியில் தேனீக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. சில இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தன. கீழே ஓடையில் நீங்கள் மருந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"நீங்களா அடிச்சீங்க?"

"ஆமா. ஒன் காட்டுல இருந்து பூச்சி கீழ எறங்குதுன்னு அக்கம்பக்கத்துக்காரன் பூராம் என்னையத்தான் கேக்குறான்."

"பூ நேரம்ப்பா. தேனீ பூராம் செத்துப் போச்சு."

"ஈ செத்ததுக்கு அழுகிறவளை எவன் வந்து கட்டுவான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நான் அழவில்லை. அன்றைக்கு உங்களை அப்பா என்று கூப்பிட்டதுதான் கடைசி. ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, எட்டு மாதம் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கு அது வலித்ததா? நீங்கள் காட்டிக்கொள்ளவே இல்லையே.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. மாசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை, பங்குனியிலும் இல்லை. உங்கள் காட்டில் இலை சுருண்டது, தண்டு தண்டாக மடங்கிச் சாய்ந்தது. நிழலுக்கு நின்ற மரங்களை அதற்கு முந்தின வருஷம்தான் வெட்டி விற்றிருந்தீர்கள். வெயில் நேரே தூரில் இறங்கியது. என் செடிகள் மூடாக்குக்கு அடியில் ஈரம் காத்து நின்றன. மேலே இருந்து நான் இரண்டு காட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அப்பா. மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை நீங்கள் ஏறி வந்தீர்கள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தீர்கள். யார் முன்னாலும் நீங்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"தமிழு, ஒரு ரெண்டு மணி நேரம் தண்ணியக் கீழ தெறந்து விடு. பூச்சரம் வர்ற நேரம். விட்டா பூராம் போயிரும்."

"எனக்கே பத்தாது."

"கொளம் நெறைய கெடக்கே தாயி."

"பாறையில வித்தையக் காட்டச் சொன்னீங்கள்ல. காட்டிட்டேன். ஒங்க காட்டுல நீங்க காட்டுங்க."

வேலைக்கு வந்த பெண்கள் களை பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீங்கள் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனீர்கள். திட்டவில்லை. நீங்கள் ஏன் திட்டவில்லை? ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் குளத்து வால்வைத் திறந்திருப்பேனோ என்று இத்தனை நாளும் கேட்டுக்கொள்கிறேன். திறந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஓடையில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் கேனில் மொண்டு, தோளில் வைத்துச் சுமந்து, செடி செடியாக ஊற்றினீர்கள். உங்களுக்கு அறுபத்து மூன்று வயது. ஆள் வைக்கவில்லை, அம்மா சொல்லியும் கேட்கவில்லை. பதினோரு நாள். நான் மேலே நின்று பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் கேனோடு சாய்ந்தீர்கள்.

ஜீப்பில் உங்கள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். "அப்பா" என்று கூப்பிட்டேன். எட்டு மாதத்துக்கு அப்புறம். உங்களுக்கு நினைவு இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். வளைவுக்கு வளைவு ஜீப்பு ஆடியது. உங்கள் முகம் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. மலையடிவாரத்து முந்தல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டாவது நாள் மழை கொட்டியது. அதற்கு முதல் நாள்தான் நான் மேல்காட்டுக்குப் போயிருந்தேன். குளத்தில் இறங்கி நின்றேன். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. பத்தாது என்று சொன்னேனே, அந்தத் தண்ணீர். உங்கள் காட்டுக்கு நாலு தடவை விட்டிருந்தாலும் எனக்கு மிச்சம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "அவரு ஒன் தேனீயக் கொன்னாரு. நீ அவரு செடியக் கொன்ன. ரெண்டு பேருக்கும் நான்தான சோறு போட்டேன்." அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. காட்டுக்கும் வந்ததில்லை.

உங்கள் காட்டில் நான்தான் மறுபடி நட்டேன். மேடையில் அவர்கள் பெருமையாகச் சொன்ன விளைச்சலில் பெரும்பங்கு அங்கே காய்த்ததுதான்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஏழு பேரில் முத்து என்று ஒருவன். இருபத்தாறு வயது, நல்ல உழைப்பாளி. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் காட்டு விஷயத்தில் பேச்சுவார்த்தை கிடையாது. விழா முடிந்து திரும்பும்போது ஜீப்பில் சொன்னான்.

"அக்கா, எங்கய்யா நேத்து வந்து ஒலத்துற கொட்டகையில எடம் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். நீங்க ஒங்கப்பாவுக்குத் தண்ணி தரலைல்ல, அதே மாதிரி. மொகம் செத்துப் போச்சுக்கா அந்தாளுக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குக் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வழியாக அந்தக் கதை எப்போதோ ஊருக்கு வந்திருக்கிறது. வழியில் அது வீரக்கதை ஆகிவிட்டது. தண்ணீர் கேட்டு வந்த கிழவனைத் திருப்பி அனுப்பிய துணிச்சல்காரி நான். மூடாக்குப் போடவும் குளம் வெட்டவும் என்னிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகள், இதையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வளர்ச்சி வளர்ச்சி என்கிறார்களே, அது இப்படித்தான் வளர வேண்டுமா அப்பா? உங்களிடம் இருந்து எனக்கு, என்னிடம் இருந்து முத்துவுக்கு?

நாளைக்குக் காலை முத்துவைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வீட்டுக்குப் போகிறேன். அவர் உட்கார்ந்திருப்பார், அவன் நிற்பான். இடுப்பளவு தண்ணீரைப் பற்றியும், ஜீப்பில் நீங்கள் திருப்பிக்கொண்ட முகத்தைப் பற்றியும் இருவரிடமும் சொல்வேன். அவன் என்னை வெறுத்தால் வெறுக்கட்டும். இனி எந்த மேடையில் கூப்பிட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இது சத்தியம்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் தருகிற ஆள் நீங்கள் இல்லை. நானும் உங்கள் பிள்ளைதானே.

தண்ணீர் தராத உங்கள் மகள்,
தமிழரசி