மாராத்தாள் சொல்லாத பேர்

சித்திரை 9, வெள்ளி

காலையிலேயே வெயில். பேனாவுக்கு மை வாங்க வேண்டும்.

மில் ஓடவில்லை, நான்காம் நாள். கூலியைக் குறைத்ததற்காக எல்லாரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் டைம்கீப்பர், ஆபீஸ் சம்பளக்காரன். காலி மில்லுக்குள் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு. இன்று வேலைக்கு வந்தது ஒரு பூனை. நேரத்துக்கு வந்தது.

ஸ்டிரைக்கை நடத்துவது என் பங்காளி பழனிச்சாமி; கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்திருப்பதால் ஆபீஸுக்கு அது தெரியாது. என் பேரும் அதுவே. ஒரே பாட்டன் பேரை இரண்டு வீட்டிலும் வைத்தால் இப்படித்தான். என் வீட்டுக்காரி மாராத்தாள் தினம் அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்புகிறாள். என் மோரைவிடக் கெட்டி. கட்டிக்கொண்டவனுக்குத் தண்ணீர் மோரா என்று கேட்டால், கத்துகிற தொண்டைக்குத்தான் கெட்டி மோர் வேண்டுமாம்.

சித்திரை 10, சனி

உப்பு, சீயக்காய், விளக்குத் திரி. மை மறந்துவிட்டது.

கேட்டோரம் நின்று பார்த்தேன். ஜெர்மன் சண்டை முடிகிற சமயம், இருபது வருஷம் இருக்கும், அரிசி விலை ஏறிச் சந்தையில் நடந்த கலவரம் நினைவுக்கு வந்தது. யார் தொடங்கினார்கள், எங்கே ஓடுகிறோம், ஒருவருக்கும் தெரியாது. ராவுத்தர் கடையில் மூட்டையைக் கிழித்தார்கள். நானும் வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாட்டுத் தவிடு. போலீஸ் விசாரித்தபோது ராவுத்தர், என்னை நன்றாகத் தெரிந்தவர், யார் முகத்தையும் பார்க்கவில்லை என்றுவிட்டார். அடுத்த வாரம் கடைக்குப் போனேன். தவிடு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இன்றைய ஆட்கள் வரிசையாக உட்காருகிறார்கள். வெற்றிலை துப்பப் போவதற்குக்கூட முறை. அன்றும் பசிதான், இன்றும் பசிதான். அன்று அரை நாளில் ஊர் அடங்கியது. இவர்கள் அடங்குவதாகத் தெரியவில்லை. மானேஜருக்கு அந்தக் காலமே மேல் என்று தோன்றும்.

சித்திரை 12, திங்கள்

இடி மட்டும். மழை இல்லை.

நான் இல்லாத நேரம் ஏட்டு வீட்டுக்கு வந்தாராம். தினம் மோர் யாருக்குப் போகிறது, அந்தத் தலைவன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம்; மாராத்தாள் என் பேரைச் சொன்னதில்லை. அந்தப் பேருள்ள வேறு ஆளையும் கூப்பிட மாட்டாள். பழனிக்குக் கிளம்பினால்கூட மலைக்குப் போகிறோம் என்பாள். ஏட்டிடமும் அதே கதை.

"அது எங்கூட்டுக்காரரு பேருங்க. நான் வாயில சொல்லப்படாதுங்க."

புருஷன்தான் தலைவன் என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டில் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். பங்காளியைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இவளுக்கு ஒரே பெருமை. விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு எழுந்து வாசல் கதவைத் தாழிட்டேன்.

சித்திரை 13, செவ்வாய்

மானேஜர் கூப்பிட்டார். மேசைமேல் ஏட்டின் தாள். இது நீ இல்லை என்று தெரியும், மில்லில் உள்ள பழனிச்சாமிகளில் எவன் என்று மட்டும் சொல், கிழித்துப் போடுகிறேன் என்றார். சொன்னால் அவன் வேலை போகும், ஜெயிலும் உண்டு. சொல்லாவிட்டால் என் வேலை. காபி வரவழைத்தார். நல்ல காபி. முழுவதும் குடித்தேன்.

"நானேதானுங்க" என்றேன்.

ஏன் சொன்னேனோ, வாய் முந்திக்கொண்டது. கடிகாரச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வெளியே பங்காளி துண்டை விரித்து இடம் விட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது வயதில் வேலை இல்லை, பயம்தான். ஆனாலும் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

மாராத்தாளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். மோர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ற பேச்சாலதானுங்க வந்துச்சு. நாளைக்கு நானும் வாரேனுங்க. உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மில்லில் வேலை இல்லாதவளுக்கு அங்கே என்ன என்றேன். உங்களுக்கும் இப்போது இல்லையே என்றாள். எந்தச் சேலை கட்டுவது என்று பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.