வேலூரில் மாற்றிய என்ஜின்

ஆரணி,
18-9-1977

அன்பு மகள் குணசுந்தரிக்கு,

அப்பா வேணுகோபால் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தம்பி தருமன் மூவரும் சுகமாக இருக்கிறோம், கல்கத்தாவில் உனக்கு அந்த இருமல் விட்டதா இல்லையா என்று தெரியாததால் எங்கள் சுகம் முக்கால் சுகம்தான். உன் அம்மா கன்னியம்மாளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டு மாடிப்படி ஏறாமல் இருக்கிறாளா என்றால் இல்லை. தருமன் தறியில் இந்த வாரம் அரக்குச் சேலை ஒன்று முடித்தான், ஊதா கரை, நன்றாக வந்திருக்கிறது. நல்ல மழை. சரி, நீ எதற்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நம் வாடகைக் காருக்குப் புது என்ஜின் போட்டாயிற்று. நேற்று வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் புது என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றிக்கொடுத்துவிட்டார்கள்.

பழைய என்ஜின் எப்படி ஆகியிருந்தது என்று நான் உனக்குப் பாதிதான் எழுதியிருந்தேன். ஆனி மாதம் ஒரு கல்யாணக் கோஷ்டியைத் திருவண்ணாமலைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது கலசப்பாக்கம் தாண்டி ஒரு சின்ன மேட்டில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேவிட்டது, பட்டுப்புடவையோடு பெண்கள் இறங்கி நடந்தார்கள், நெல் மூட்டை ஏற்றின மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, கயிறு வேணுமா மேஸ்திரி, கட்டி இழுத்துக்கினு போறேன் என்று கேட்டார். அதற்கப்புறம்தான் உனக்கு எழுதினேன், நீயும் நாலு பக்கத்துக்குப் பதில் போட்டாய். பழைய சைடு வால்வு என்ஜினுக்கு இனிமேல் செலவு செய்யாதீர்கள், இப்போது வருகிற ஓவர்ஹெட் வால்வு என்ஜினை அப்படியே மாற்றிவிடுங்கள், நம் வண்டியில் அது சரியாக உட்காரும் என்று எழுதி, பென்சிலால் படமும் போட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலூர் டீலரிடம் போனேன்.

நம் பட்டு வியாபாரி மாணிக்கவேல் முதலியாருக்கு வேலூரில் கடை வேலை இருந்தது, அவரும் என் கூடவே வந்தார். அங்கே ஃபோர்மேன் பெயர் சின்னதுரை, கெட்ட மனிதர் இல்லை, ஆனால் பத்தொன்பது வருஷத்து வண்டி என்றதும் சிரித்தார், இதை வித்துட்டு வேற வண்டி பாருங்க என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு நாளில் என்ஜினும் கிளச்சும் மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது, அம்மா, என்ன சொல்வேன், பானட்டில் கையை வைத்துப் பார்த்தால்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. ஃபோர்மேன், நான், முதலியார் மூவரும் பள்ளிகொண்டா வரைக்கும் போய்வரக் கிளம்பினோம். முதலில் பறந்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பி, ரோடே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினோம்.

எனக்கு இருக்கிற தொழிலே இந்த ஒரு வண்டிதான், பழைய என்ஜினைக் கழற்றிக் கீழே போட்டாயிற்று, இனி அதுவும் ஆகாது. ஃபோர்மேன், பழைய வண்டிங்க, கொஞ்சம் முரண்டு பண்ணும், ஐநூறு கிலோமீட்டர் ஓடினா தானா சரியாப் பூடும் என்றார். எனக்கு அது சரியென்று படவில்லை. உன் கடிதத்தை எடுத்து அங்கேயே சாலையோரத்தில் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீ அடிக்கோடு போட்டே எழுதியிருந்தாய், ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றவேண்டும், பழையது இந்த என்ஜினின் சூட்டைத் தாங்காது, மாற்றாவிட்டால் பத்து மைலில் கொதிக்கும் என்று. எத்தனை மைல் வந்திருந்தோம் என்று நினைக்கிறாய், சரியாக ஒன்பதரை.

நான் அந்தப் பக்கத்தை ஃபோர்மேனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும் என்று நீ அளவு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் உள்ளதை உள்ளபடி சொன்னார், புது ரேடியேட்டர் ஸ்டாக்கில் இல்லை, அதனால் பழையதையே மாட்டிவிட்டார்களாம். சொல்லிவிட்டு என்னைக் கேட்டார், யாருங்க இது, கம்பெனி இன்ஜினீயரா, கையெழுத்து பொம்பள கையெழுத்தா இருக்குதே என்று.

குணா, இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு மூன்று நாளாகப் பேனா ஓடவில்லை. நான்கு வருஷமாக நான் இந்த ஊரில் உன்னைப் பற்றி ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன், உனக்கும் தெரியும். கார் ஃபேக்டரியில் என்ஜின் படம் போடுகிற வேலை, கூட நூறு ஆம்பிளைகள் என்றால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று பயந்து, என் பெண் ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கிருஷ்ணம்மாள் சித்தி, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பே என்று கேட்டாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்பது சித்தி என்றாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. முதலியாருக்கும் அதே பொய்தான் சொல்லியிருந்தேன், அவர் பக்கத்திலேயே நிற்கிறார். தெரிந்த ஒரு மெக்கானிக் எழுதினது என்று சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் உன் அளவின் மேல் ஃபோர்மேன் விரல் இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பொண்ணுங்க, கல்கத்தா பக்கத்துல கார் ஃபேக்டரியில டிராயிங் ஆபீசுல இருக்குது, என்ஜின் படம் போடற வேலை என்று உரக்கவே சொன்னேன். ஃபோர்மேன் கடிதத்தை மடித்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். மெட்ராசுக்கு ஆள் அனுப்பி ரேடியேட்டரை வரவழைத்து, மறுநாள் தானே கூட நின்று நீ எழுதின அளவுப்படி மாட்டினார். மறுபடியும் கிளம்பி, பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வரைக்கும் போய் வந்தோம், சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை.

முதலியார் மட்டும் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, இன்னாய்யா வேணு, டைப்பிஸ்ட்னு சொன்னியே, நான் செய்யாத்துல மாப்பிள்ளை வூட்டுல அப்டிதானே சொல்லி வெச்சிக்கினு இருக்கேன் என்றார். உனக்கு ஒரு வரன் பார்த்து வந்திருக்கிறார், பாங்கியில் வேலை, உனக்கு எழுதுவதற்கு முன்னால் நாங்கள் ஒருமுறை பார்க்கலாம் என்றிருந்தோம். நான் சொன்னேன், அப்ப வாங்க, நேரா அங்கியே போய் உண்மையச் சொல்லிடலாம் என்று. ஊருக்குக்கூட வராமல் அப்படியே செய்யாற்றுக்கு வண்டியை விட்டேன்.

மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். பையனின் அம்மா, பொண்ணைப் பத்திக் குறை சொல்லலீங்க, ஆனா ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கினு செய்ற வேலை நம்ம வூட்டுக்கு ஒத்து வராது, நிச்சயத்துக்கு முன்னாடி அத வுட்டுடச் சொல்லுங்க என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன். நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, அந்த வேலையாலதாங்க இப்ப உங்க வாசல்ல என் வண்டி நிக்குது, அத வுடச் சொல்லி நான் கேக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் எழுது, திரும்பிப் போய்ப் பேசவும் தயார். ஆனால் உன் அம்மா கேட்டதும், நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க உருப்படியா ஒண்ணு பேசினீங்க என்றாள். செய்யாற்றிலிருந்து வரும் வழியில் ஆரணி ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான் முதலியார், சத்தமே கேக்கலியேய்யா, ஓடுதா இல்லியா என்றார். அவர் கோபம் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் நெசவாளர் சொசைட்டியில், டீக்கடையில், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் நானே சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், போகட்டும். கிருஷ்ணம்மாள் சித்தி, அப்ப அந்த நாப்பது என்று கேட்டாள், அது என் பொய், குழந்தை எனக்காகச் சொன்னது என்றேன். நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இருமலுக்கு வெந்நீரைத் தவிர வேறு குடிக்காதே, ராத்திரியில் தயிர் வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். தீபாவளிக்கு லீவு இப்போதே கேட்டு வை, எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, இந்தத் தடவை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், நானே வண்டியோடு சென்ட்ரலில் நிற்பேன். நீ அங்கே கார் ஓட்டக் கற்று லைசென்சும் எடுத்துவிட்டதை நான் கோபிப்பேனென்று அம்மாவுக்கு மட்டும் எழுதினாயாம், அவள் சொல்லிவிட்டாள். ஆற்காடு வரைக்கும் நான் ஓட்டுகிறேன், அங்கிருந்து நீ ஓட்டு. ஊருக்குள் சுற்று வழி வேண்டாம், பஜார் தெரு வழியாகவே போகலாம், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ ரேணுகாம்பாள் அம்மனை வேண்டும்,
உன் அப்பா,
கே. வேணுகோபால்