மேசையில் வைக்க ஒரு படம்

புனே,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தான்,

நடுராத்திரியில் எழுதுகிறேன், மன்னியுங்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். நீங்களும் அத்தையும் சுகந்தானே? நம் அபிதாவுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சா?

தடுப்பூசி ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில், கைப்பிள்ளைக்காரி என்றால் சீட்டு தரமாட்டார்கள் என்று பயந்து அவளை மறைத்தேன் அல்லவா? நேற்று ஆய்வகத்தில் ஒரு மருத்துவப் படிவம் நீட்டினார்கள். வைரஸ் அறைக்குள் போகிற பெண்கள் கடைசிப் பிரசவம் எப்போது என்று எழுத வேண்டுமாம். பொய் எழுதக் கை வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, சீட்டு போச்சு என்றே நினைத்தேன்.

என் வழிகாட்டி ரெஜினா மேடம் தூத்துக்குடிக்காரர். படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, வைரஸ் உடம்புக்குள்ள எங்க ஒளியுதுன்னு கண்டுபிடிக்க வந்தவ, பெத்த பிள்ளையை ஒளிச்சு வச்சிருக்கியே! மாசம் ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வா. குப்பியில நீ வளக்குத செல்லுக்கு அப்போ நான் தீனி போடுதேன்."

இனி அபிதா படத்தை என் மேசையில் வைக்கலாம், அத்தான். சங்கரன்கோவில் ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும், துவைக்காமல், கூட வையுங்கள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சண்முகப்ரியா