தார்ப்பாயின் மூலை

ஜனவரி 9
குளிர் விடுவதாக இல்லை. இவருக்கு மட்டும் மதியச் சோறு சூடாகவே கிடைக்கிறதாம். கம்பெனியில் இவர் பாய்லர்காரர். வார்த்த கான்கிரீட் சுவர்ப் பலகைகளைத் தார்ப்பாயால் மூடி ஆவி விட்டு இறுக வைப்பது இவர் வேலை. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கி டிபன் டப்பாவையும் உள்ளே தள்ளிவிடுகிறார். “பலகையும் வேகுது, உன் குழம்பும் வேகுது” என்று சிரிப்பு வேறு. அங்கே கிரேன் கொக்கி மாட்டுகிற என் தம்பி, “அக்கா சமையலை ரெண்டு தடவை வேக வச்சாத்தான் மச்சான் திங்க முடியும்” என்றானாம். வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 14
தம்பியின் வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.
கிரேன் தூக்கியதும் பலகையின் மூலை கொக்கியோடு பிய்ந்துகொண்டதாம். மிச்சப் பலகை அவன்மேல். கடப்பாறை போட்டு நெம்பித்தான் எடுத்தார்கள்.
கடவுளே.

ஜனவரி 20
இவர் சாப்பிடுவதில்லை. விடாமல் கேட்டேன்.
“சூடா இருக்கிற பலகையில குளிர்காத்து பட்டா விரிசல் விடும். ஆறுற வரைக்கும் தார்ப்பாயைத் தொடக் கூடாது. எனக்குத் தெரியும்டி. தினம் அந்த மூலையைத்தான் தூக்கினேன்.”
சோத்துக்கா? சூடான சோத்துக்காகவா?
கையிலிருந்த கரண்டியால் அடித்தேன். நெற்றி கிழிந்தது. நிறுத்த வரவில்லை. அவர் தடுக்கவுமில்லை. பிறகு அவர் முன்னால் மண்டியிட்டேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: “அவன்கிட்ட சொல்லிடாதீங்க. கொன்னுடுவான்.”

பிப்ரவரி 2
சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 3
தம்பி வந்தான். இடது கையில் சுத்தியல்.
“எந்தக் கையால தூக்கின மச்சான்?”
இவர் வலது கையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். வைத்தே விட்டார்!
தம்பியின் தோளைக் கடித்துத் தொங்கினேன். உதறினான், சுவரில் போய் விழுந்தேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப. அடுத்து இவர் தலைக்கு ஓங்கினான். இடது கைக்குப் பழக்கமில்லை, சுத்தியல் நழுவிவிட்டது. எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஊளையிட்டான்.
டாக்டரிடம் இவர், “பாய்லர் மூடி விழுந்துடுச்சுங்க” என்றார்.

பிப்ரவரி 11
தம்பி இங்கேதான் இருக்கிறான். போகச் சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.
இவர் கையில் மாவுக்கட்டு. அவனுக்கு இடது கையால் பிசைய வரவில்லை. ஒரே தட்டில் பிசைந்து மாற்றி மாற்றி ஊட்டினேன். இருவரும் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தார்கள்.
“உப்பு கம்மி” என்றான் தம்பி.
“ஆமா” என்றார் இவர்.